படம் வராத கேமரா: லினக்ஸ் கணினிகளில் பிழையறியும் முறை

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில், பத்மதீர்த்தக் குளத்திற்கு எதிரே கருவேலப்புரை மாளிகையின் முகப்பில், 'மேத்தன் மணி' என்னும் பழைய கடிகாரம் ஒன்று உண்டு. சுவாதித் திருநாள் மன்னர் காலத்தது எனக் கூறப்படும் அக்கடிகாரத்தில், மணிக்கொரு முறை தாடிவைத்த முகம் ஒன்று வாய் திறக்க, இருபுறத்து ஆட்டுக்கடாக்களும் வந்து அதன் கன்னங்களில் முட்டும். பேருந்து நிலையத்திலிருந்து கோயிலுக்குச் செல்வோர் இன்றும் சற்று நின்று அதனைப் பார்க்கின்றனர். அதன் இயக்கம் தடைப்படுமாயின், எந்தச் சக்கரம் எதனைத் தள்ளவில்லை என்பதைத் தேர்ந்த தொழிலாளி ஒருவர் கண்ணால் பார்த்தே கூறிவிட இயலும்.

கணினியோடு இணைக்கப்படும் வெப்கேமராவின் நிலை இதற்கு நேர்மாறானது. அதில் சுழலும் உறுப்பு எதுவுமில்லை. படம் வரவில்லையெனில் திரை கறுத்து நிற்கும்; அல்லது ஒருவரிப் பிழைச் செய்தி தோன்றும். பயன்படுத்துபவர் கேமராவைக் கழற்றி மாட்டுவார், கணினியை அணைத்து இயக்குவார், பின்னர் அதனை அலமாரியில் வைத்துவிடுவார். ஆண்டிறுதியில் சரக்கு சரிபார்க்கப்படும்போது அப்பொருளுக்கு எதிரே 'பழுது' என்னும் சொல் எழுதப்படுகிறது. உண்மையில் பழுதானது கேமராவா, கம்பியா, மென்பொருளா, அன்றி ஒரு சிறு அனுமதிக் குறைபாடா என்பது பெரும்பாலும் ஆராயப்படுவதேயில்லை. பொதுப் பணத்தில் வாங்கப்பட்ட கருவிகளைப் பொறுத்தவரை இது அற்பமான செய்தியன்று.

கேரளத்தின் தேர்வு

இவ்வாராய்ச்சிக்குத் திருவனந்தபுரத்தைக் களமாகக் கொள்வதற்குக் காரணம் உண்டு. இந்தியாவின் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2001 ஜூலையில் ரிச்சர்டு ஸ்டால்மன் முன்னிலையில் தொடங்கப்பெற்றது இந்நகரில்தான். அதே ஆண்டில் கேரள அரசின் 'ஐ.டி. அட் ஸ்கூல்' திட்டமும் உருவாயிற்று. சில ஆண்டுகளுக்குள் அத்திட்டம் விலைக்கு வாங்கும் இயக்குதளத்தைக் கைவிட்டு, குனு லினக்ஸைப் பள்ளிகளின் பொது இயக்குதளமாக ஏற்றுக்கொண்டது. 2017இல் அத்திட்டம் 'கைட்' என்னும் அரசு நிறுவனமாக மாற்றியமைக்கப்பட்டது. அதன்பின் நிறைவேற்றப்பட்ட உயர்தொழில்நுட்பப் பள்ளித் திட்டம் 4,752 பள்ளிகளில் 45,000 வகுப்பறைகளைத் தழுவியது. மடிக்கணினி, ஒளிவீழ்த்தி, ஒலிபெருக்கி ஆகியவற்றோடு வெப்கேமராவும் பள்ளிகளுக்கு வழங்கப்பெற்றது.

2019ஆம் ஆண்டில், உபுண்டு 18.04ஐ அடிப்படையாகக் கொண்ட புதிய பதிப்பு இரண்டு லட்சத்திற்கும் மேற்பட்ட பள்ளிக் கணினிகளுக்கென வெளியிடப்பட்டபோது, இதனால் அரசுக்கு ரூ. 3,000 கோடி மிச்சமாகும் என அறிவிக்கப்பட்டது. கணினி ஒன்றுக்கு ரூ. 1.5 லட்சம் பெறுமான உரிமக் கட்டணம் தவிர்க்கப்படுவதாகக் கொண்ட கணக்கு அது. பொருளியல் நோக்கில் இதனை அப்படியே ஏற்பதற்கில்லை. கட்டணம் செலுத்த வேண்டியிருந்திருப்பின் அத்தனை மென்பொருள்களையும் எந்த அரசும் அத்தனை கணினிகளுக்கு வாங்கியிருக்கமாட்டாது. ஆகவே இது கருத்தளவிலான சேமிப்பே. எனினும் சேமிப்பு மெய்யானது, சிறிதன்று. கட்டணமின்றிக் கிடைத்த இயக்குதளத்திற்கு உரிமக் கட்டணம் இல்லையே தவிர, பராமரிப்புச் செலவு உண்டு. அப்பராமரிப்பின் பெரும்பகுதி, பிழைச் செய்தியைப் படித்துப் பொருள் கொள்ளும் திறமையாகும். அத்திறமை ஆசிரியர்களிடத்தும் மாணவர்களிடத்தும் இருக்குமாயின் செலவு குறையும். இல்லையெனில் மிச்சப்படுத்திய தொகையில் ஒரு பகுதி அலமாரிகளில் தூங்கும்.

2020 ஜூன் முதல் தேதி 'ஃபர்ஸ்ட் பெல்' வகுப்புகள் விக்டர்ஸ் தொலைக்காட்சியில் தொடங்கியபோது கேமராவின் தேவை அனைவருக்கும் விளங்கிற்று. ஒலிபரப்பு ஒருவழிப்பட்டது, ஐயம் கேட்கும் மாணவனின் முகத்தை ஆசிரியர் காண வேண்டுமெனில் இருபுறமும் கேமரா தேவை. இன்றும் நேர்காணல், பயிற்சி வகுப்பு, ஆவணப் பதிவு, மாணவர்களின் 'லிட்டில் கைட்ஸ்' செயல்பாடுகள் எனப் பல பணிகள் அச்சிறு கருவியை நம்பியுள்ளன.

படம் கடந்து வரும் வழி

கிழக்கேகோட்டையை ஒட்டிய சாலைக் கடைத்தெருவிலோ அட்டக்குளங்கரைப் பக்கத்திலோ உள்ள ஒரு பள்ளியின் கணினி அறையை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அங்குள்ள வெப்கேமராவிலிருந்து படம் திரைக்கு வந்து சேர்வதற்குள் ஆறு கைகள் மாறுகிறது. சாலைக்கு லாரியில் வரும் சரக்கு, மொத்தக் கடை, தரகர், சில்லறைக் கடை எனக் கைமாறுவதைப் போன்றதே இது. முதலாவது கேமராவின் உணர்வில்லை. இரண்டாவது யுஎஸ்பி கம்பியும் இணைப்பு முனையும். மூன்றாவது, இயக்குதளத்தின் உட்கருவாகிய கெர்னலில் உள்ள இயக்கி நிரல். நான்காவது, அவ்வியக்கி வெளியே காட்டும் சாதனக் கோப்பு. 'டெவ்' என்னும் அடைவினுள் 'வீடியோ0', 'வீடியோ1' என்னும் பெயர்களில் இது தோன்றும். ஐந்தாவது, படப்பிடிப்பு நூலகம். அதாவது பல செயலிகளும் பொதுவாகப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பு. ஆறாவது, பயன்படுத்துபவர் காணும் செயலி.

பிழைச் செய்தியைத் திரையில் காட்டுவது ஆறாவது. அதனை எழுப்புவது பெரும்பாலும் ஐந்தாவது. காரணமோ முதல் நான்கில் ஏதேனும் ஒன்றில் இருக்கும். நூலகத்தின் பெயரோடு செய்தி வருவதால் நூலகத்தையே நீக்கி மீண்டும் நிறுவுவோர் பலர். செய்தி கொண்டுவந்த தபால்காரரை மாற்றினால் கடிதத்தின் உள்ளடக்கம் மாறாது.

மூன்றாவது, ஐந்தாவது ஆகிய இரு அடுக்குகளின் வரலாற்றை அறிந்திருப்பது பயனுடையது. லினக்ஸில் படப்பிடிப்புக்கென அமைந்த இடைமுகம் 'வீடியோ ஃபார் லினக்ஸ்' எனப்படும். அதன் இரண்டாம் பதிப்பாகிய வி4எல்2, 2002இல் கெர்னலின் 2.5 வளர்ச்சி வரிசையில் சேர்க்கப்பட்டது. முதற்பதிப்பு 2011இல் வெளிவந்த 2.6.38 கெர்னலோடு முற்றிலும் நீக்கப்பட்டது. தொடக்க காலத்தில் ஒவ்வொரு தயாரிப்பாளரும் தத்தம் விருப்பப்படி கேமராக்களை வடிவமைத்தமையால் ஒவ்வொன்றுக்கும் தனி இயக்கி தேவைப்பட்டது. 2003இல் யுஎஸ்பி அமைப்பு 'யுவிசி' என்னும் பொதுத் தரத்தை வெளியிட்டது. அத்தரத்திற்கு இணங்கிய எந்தக் கேமராவையும் ஒரே இயக்கி கையாள இயலும். லோரோன் பின்சார்ட் எழுதிய அத்தகைய இயக்கி 2008 ஜூலையில் 2.6.26 கெர்னலில் இடம்பெற்றது. இன்று கடைகளில் கிடைக்கும் யுஎஸ்பி வெப்கேமராக்கள் ஏறத்தாழ அனைத்தும் இவ்வகையினவே. தரப்படுத்துதல் என்பது சந்தையில் வாங்குபவரின் பேரத்திறனை எவ்வளவு உயர்த்தும் என்பதற்கு இது ஒரு நல்ல சான்று.

பழைய கேமராக்களின் கதை வேறு. அவை தமக்கேயுரிய சுருக்க வடிவங்களில் படத்தை அனுப்பின. அவற்றுக்கான 'ஜிஎஸ்பிசிஏ' இயக்கி, முன்பு கெர்னலுக்குள்ளேயே படத்தை விரித்துக் கொடுத்துவந்தது. 2008 இறுதியில் 2.6.27 கெர்னலில் அவ்வியக்கி முறையாகச் சேர்க்கப்பட்டபோது, படவடிவ மாற்றம் கெர்னலின் வேலையன்று என்னும் கொள்கைப்படி அப்பகுதி நீக்கப்பட்டது. கொள்கை சரியானதே, ஆனால் அதுவரை இயங்கிய செயலிகள் ஒரே இரவில் குருடாயின. இந்த இடைவெளியை நிரப்பவே ஹான்ஸ் டி கூட 'லிப்வி4எல்' என்னும் நூலகத்தை எழுதினார். கேமரா எந்த வடிவில் அனுப்பினாலும், செயலி கேட்கும் பொதுவான வடிவில் அதனை மாற்றிக் கொடுப்பது அதன் பணி. மூலநிரல் வெளியிடப்படாத அன்றைய உரையாடல் செயலிகளை இயக்க வேண்டுமெனில், இந்நூலகத்தை முன்கூட்டியே ஏற்றுமாறு கட்டளையிட்டுத் தொடங்க வேண்டியிருந்தது. சில மடிக்கணினிகளில் தயாரிப்பாளர்கள் கேமராவைத் தலைகீழாகப் பொருத்திவிட்டனர். அத்தகைய மாதிரிகளின் பட்டியல் ஒன்றையும் வைத்துக்கொண்டு, படத்தை நிமிர்த்திக் கொடுக்கும் வேலையையும் இந்நூலகம் செய்கிறது. தொழிற்சாலையின் கவனக்குறைவை மென்பொருளாளர் ஒருவர் பட்டியல் போட்டுத் திருத்தியது சற்று வியப்பிற்குரியதே.

சோதனையின் வரிசை

படம் வராதபோது கீழிருந்து மேலாகச் சோதிப்பதே முறை. முதலில் கேமராவைக் கணினி காண்கிறதா என்பதை 'எல்எஸ்யுஎஸ்பி' என்னும் கட்டளை காட்டிவிடும். பட்டியலில் கேமரா இல்லையெனில் மென்பொருளைத் தொடுவது வீண். 'டிமெசேஜ்' கட்டளை வெளியிடும் கெர்னல் குறிப்புகளில் பிழை எண் 71 மீண்டும் மீண்டும் வருமாயின் ஐயப்பட வேண்டியது கம்பியையே. யுஎஸ்பி 2.0 கம்பிக்கு அனுமதிக்கப்பட்ட நீளம் 5 மீட்டர். வகுப்பறையின் பின்சுவரிலோ கூரையிலோ கேமராவைப் பொருத்தி, நீட்டிப்புக் கம்பிகளை ஒன்றோடொன்று இணைத்து 8, 10 மீட்டர் இழுத்துவந்திருப்பர். அங்குதான் குறிப்பலைகள் சிதைகின்றன. மின்னூட்டமற்ற இணைப்புப் பெட்டி ஒன்றில் கேமராவையும் வேறு மூன்று கருவிகளையும் மாட்டுவதும் இதே விளைவைத் தரும். ஒரு யுஎஸ்பி 2.0 முனை தருவது 500 மில்லிஆம்பியர் மட்டுமே, அதனை நால்வர் பங்கிட வேண்டியுள்ளது.

கேமரா பட்டியலில் உண்டு, செயலிக்குத் தெரியவில்லை என்றால் சாதனக் கோப்பைப் பார்க்க வேண்டும். இங்கு ஒரு நுட்பமான சிக்கல் உண்டு. 2018 ஏப்ரலில் வெளிவந்த 4.16 கெர்னல் முதல், யுவிசி இயக்கி ஒரு கேமராவுக்கு இரு சாதனக் கோப்புகளை உண்டாக்குகிறது. முதலாவதில் படம் வரும். இரண்டாவது படத்தைப் பற்றிய குறிப்புத் தரவுகளுக்கு மட்டுமே. உபுண்டு 18.04 முதலில் வெளிவந்தபோது 4.15 கெர்னலைக் கொண்டிருந்தது, பின்னர் 4.18 முதலிய புதிய கெர்னல்களும் அதற்குக் கிடைத்தன. மடிக்கணினியின் உட்கேமரா 'வீடியோ0', வெளிக்கேமரா 'வீடியோ1' என்று கொண்டு எழுதப்பட்ட நிரல், கெர்னல் புதுப்பிக்கப்பட்டவுடன் 'வீடியோ1' என்னும் வெற்றுக் கோப்பைத் திறந்து தோல்வியுறும். வெளிக்கேமரா 'வீடியோ2' ஆகிவிட்டிருக்கும். நேற்றுவரை இயங்கியது இன்று இயங்கவில்லை எனில், கேமரா பழுதாயிற்று என்று முடிவு செய்வது இயல்பே. ஆயினும் அது பிழையான முடிவு. 'டெவ்' அடைவினுள் 'வி4எல்' என்பதன்கீழ் 'பை-ஐடி' என்றோர் உட்பிரிவு உண்டு. அதில் கேமராவின் பெயரையே கொண்ட இணைப்புகள் இருக்கும். எண்ணை நம்பாது அப்பெயரைப் பயன்படுத்துவோருக்கு இச்சிக்கல் எழாது.

பிழை எண் 13, 'அனுமதி மறுக்கப்பட்டது' என்பது. சாதனக் கோப்புகள் 'வீடியோ' என்னும் பயனர் குழுவுக்கு உரியவை. கணினியின் முன் அமர்ந்து நுழைவு செய்தவருக்கு இயக்குதளம் தானாகவே அனுமதி வழங்கிவிடும்; ஆகவே வீட்டுக் கணினிகளில் இப்பிழை அரிது. வலைப்பின்னல் வழியே வேறு அறையிலிருந்து நுழைபவருக்கும், பின்னணியில் தானே இயங்கும் நிரலுக்கும் அவ்வனுமதி கிடைப்பதில்லை. அப்பயனரைக் குழுவில் சேர்த்து, ஒரு முறை வெளியேறி மீண்டும் நுழையச் செய்தால் போதும். வெளியேறி நுழைய மறந்து, சேர்த்தும் பயனில்லை என்போர் உண்டு. கோப்பின் அனுமதியை அனைவருக்கும் திறந்துவிடும் குறுக்குவழியைச் சிலர் பரிந்துரைப்பர். பள்ளிக் கணினியில் கேமரா என்பது பிள்ளைகளை நோக்கியிருக்கும் கண். அதனை எவரும் திறக்கலாம் என்று விடுவது தகாது.

பிழை எண் 16, 'சாதனம் வேலையாக உள்ளது' என்பது. ஒரு கேமராவின் சாதனக் கோப்பைப் பல நிரல்கள் திறக்கலாம். ஆனால் படத்தைப் பெறும் உரிமை ஒரு நேரத்தில் ஒன்றுக்கே. உலாவியில் மூடப்படாத வகுப்புப் பக்கம் ஒன்றோ, பாதியில் நின்றுபோன நிரலின் எச்சமோ கேமராவைப் பிடித்துக்கொண்டிருக்கும். யார் பிடித்திருக்கிறார் என்பதை 'ஃபியூசர்' என்னும் கட்டளை சொல்லும். பிழை எண் 22, 'பொருந்தாத மதிப்பு', பெரும்பாலும் கேமரா தராத அளவையோ வடிவையோ செயலி கேட்டதால் வருவது. 'வி4எல்2-சிடிஎல்' என்னும் கருவி கேமரா எந்தெந்த வடிவங்களை, எந்தெந்த அளவுகளில், வினாடிக்கு எத்தனை படங்களாகத் தரும் என்பதை விரிவாகப் பட்டியலிடும். கேமராவை வாங்கிய அன்றே இப்பட்டியலை எடுத்துக் கோப்பில் வைப்பது நன்று.

இடமில்லை என்பதன் பொருள்

இப்பிழைகள் யாவற்றிலும் மிகுதியாகத் திசைதிருப்புவது எண் 28. நூலகம் அதனை வெளியிடும் வாசகத்தைத் தமிழில் கூறினால், 'ஓட்டத்தைத் தொடங்குவதில் பிழை: சாதனத்தில் இடமில்லை' என்று ஆகும். இதனைக் கண்டவர் உடனே வட்டில் இடம் தீர்ந்துவிட்டதெனக் கருதி, மாணவர்களின் பழைய கோப்புகளை அழிக்கத் தொடங்குவர். வட்டுக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. தீர்ந்துபோனது யுஎஸ்பி தடத்தின் கொள்ளளவு. அதற்கெனத் தனிப் பிழை எண் இல்லாமையால், கெர்னல் எழுதியோர் இருப்பதில் ஏறத்தாழப் பொருந்தியதைப் பயன்படுத்தினர். இச்சிக்கனத்தினால் எத்தனை ஆசிரியர்களின் கோப்புகள் வீணே அழிந்தனவோ!

கணக்கு எளியது. சுருக்கப்படாத படத்தில் ஒரு படப்புள்ளிக்கு 2 பைட் தேவை. 640க்கு 480 என்னும் அளவில் ஒரு படம் 6,14,400 பைட். வினாடிக்கு 30 படங்கள் எனில் 1,84,32,000 பைட். யுஎஸ்பி 2.0 தடத்தில் வினாடிக்கு 8,000 தவணைகள். தவணை ஒன்றில் ஒரு கேமரா ஒதுக்கிக்கொள்ளத் தக்கது உச்சமாக 3,072 பைட். ஆக, ஒரு கேமராவுக்கு மேல்வரம்பு 2,45,76,000 பைட். மேற்கூறிய படம் இதனுள் அடங்குகிறது. 1,280க்கு 720 என்னும் அளவுக்கு உயர்த்தினாலோ தேவை 5,52,96,000 பைட்டாகிறது, ஒருபோதும் அடங்காது. ஆதலால் அவ்வளவில் சுருக்கப்படாத படத்தை 30 முறை அனுப்ப அக்கேமராவினால் இயலாது. 10 முறை மட்டுமே தருவதாகப் பட்டியலில் காட்டும். 'உயர்தெளிவு' என்று உறையில் அச்சிட்டிருக்க, படம் விட்டுவிட்டு வருகிறது என்னும் முறையீட்டின் காரணம் இதுவே.

இரண்டு கேமராக்களை ஒரே கட்டுப்படுத்தியின்கீழ் இணைக்கும்போது நிலைமை மேலும் இறுகும். தடத்தின் மொத்தக் கொள்ளளவு வினாடிக்கு 48 கோடி பிட், அதாவது 6 கோடி பைட். அதில் 80 விழுக்காட்டை, 4.8 கோடி பைட்டை மட்டுமே இத்தகைய தொடர் ஓட்டங்களுக்கு ஒதுக்க இயலும். பல கேமராக்கள் தமக்கு எவ்வளவு வேண்டும் என்று பாராது உச்ச அளவையே முன்பதிவு செய்துகொள்கின்றன. இரு கேமராக்கள் அவ்வாறு கேட்டால் 4,91,52,000 பைட். வரம்பைச் சற்றே மீறுகிறது. முதற்கேமரா இயங்கும், இரண்டாவதற்கு 'இடமில்லை'. கேமராக்களை மாற்றி மாட்டினால் பழுது மற்றதற்குத் தாவியது போலத் தோன்றும். ரயிலில் ஒருவரே மூன்று இருக்கைகளைப் பதிவு செய்துகொண்டு ஒன்றில் மட்டும் அமர்ந்து பயணம் செய்வதைப் போன்றதே இது.

தீர்வுகள் மூன்று உண்டு. சுருக்கிய 'எம்ஜேபெக்' வடிவத்தைக் கேட்பது முதலாவது. தேவை வெகுவாகக் குறைந்துவிடும், படத்தின் தரத்தில் சிறு இழப்பும் கணினிக்குச் சிறிது கூடுதல் வேலையும் ஏற்படும். ஆனால் சுருக்கிய வடிவத்திற்கும் உச்ச அளவையே பதிவு செய்யும் மலிவான கேமராக்கள் உள்ளன. அவற்றிடம் இது பலிக்காது. யுவிசி இயக்கிக்கு 128 என்னும் விலக்கு மதிப்பைக் கொடுத்து, கேமரா கேட்பதை நம்பாமல் தேவையைத் தானே கணக்கிடச் செய்வது இரண்டாவது. இது சுருக்கப்படாத வடிவங்களுக்கே பொருந்தும். இரண்டாம் கேமராவை வேறொரு கட்டுப்படுத்தியின் முனையில் மாட்டுவது மூன்றாவது. கணினியின் முன்புற முனைகள் இரண்டும் பெரும்பாலும் ஒரே கட்டுப்படுத்தியைச் சேர்ந்தவை. பின்புறம் ஒன்றை மாற்றிப் பார்ப்பதற்குச் செலவேதுமில்லை.

பிழையல்லாப் பிழைகள்

பிழை எண் எதுவுமின்றிப் படம் கெடுவதும் உண்டு. படத்தின்மீது கிடைக்கோடுகள் மெல்ல நகர்ந்து செல்லும். இந்தியாவில் மின்னோட்டத்தின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ். குழல்விளக்கின் ஒளி வினாடிக்கு 100 முறை ஏறி இறங்குகிறது. கேமராவோ 60 ஹெர்ட்ஸ் நாட்டுக்கென அமைக்கப்பட்டு வந்திருக்கும். மின்தட அதிர்வெண் என்னும் கட்டுப்பாட்டை 50க்கு மாற்றினால் கோடுகள் மறையும்.

இடவப்பாதி மழை நாள்களில், கிழக்கேகோட்டைப் பகுதியின் பழைய ஓட்டுக் கட்டடங்களில் பகல் பதினொரு மணிக்கே அறை இருண்டுவிடும். அப்போது கேமரா போதிய ஒளியைப் பெறும்பொருட்டு ஒவ்வொரு படத்தையும் நீண்ட நேரம் எடுக்கும்; 30 படங்கள் 15 ஆகவும் அதற்குக் கீழும் இறங்கும். ஆசிரியரின் கை அசைவு தீற்றலாகத் தெரியும். இணைய இணைப்பையும் கணினியையும் குறை கூறுவதற்கு முன், ஒரு விளக்கைப் போட்டுப் பார்ப்பதே பொருத்தம். படவேகத்தைக் குறைக்கும் உரிமையைக் கேமராவிடமிருந்து பறித்துவிடும் கட்டுப்பாடும் உண்டு. அவ்வாறு செய்தால் வேகம் நிலைக்கும், படம் இருளும்.

நிரல் எழுதும் மாணவர்கள் பெரிதும் பயன்படுத்துவது 'ஓப்பன்சிவி' நூலகம். படத்தைப் பெறுவதற்கு அது பல வழிகளை அறியும். எந்த வழி என்று குறிப்பிடாவிடில் தன் முன்னுரிமை வரிசைப்படி ஒவ்வொன்றாக முயலும். வழிக்கொரு பிழைச் செய்தியை வெளியிட்டுக் குழப்பும். வி4எல்2 வழியையே பயன்படுத்துமாறு நிரலில் ஒரு சொல் சேர்த்தால், மெய்யான பிழை மட்டும் எஞ்சும். பத்து வினாடி காத்திருந்து 'காலம் கடந்தது' என்று அது கூறுமாயின், சாதனம் திறக்கப்பட்டது, ஓட்டமும் தொடங்கிற்று, படம் மட்டும் வந்து சேரவில்லை என்பது பொருள். மீண்டும் கம்பியையும் தடத்தின் கொள்ளளவையும் நோக்கியே செல்ல வேண்டும்.

புதிய கருவிகள், புதிய சிக்கல்

யுவிசி தரத்தினால் கிட்டிய எளிமை நிலைத்திருக்கும் எனக் கருதுவதற்கில்லை. அண்மைக் காலத்து மடிக்கணினிகள் சிலவற்றில் உட்கேமரா யுஎஸ்பி வழியே இணைக்கப்படுவதில்லை. கைபேசிகளில் உள்ளதைப் போல, உணர்வில்லையின் கச்சாத் தரவு நேரே செயலகத்திற்கு வருகிறது. நிறம், ஒளி, கூர்மை ஆகியவற்றைச் சரிசெய்யும் பணி கணினியின் பொறுப்பாகிறது. அத்தகைய கணினியில் 'வீடியோ' கோப்புகள் பத்து, இருபது எனத் தோன்றும். எதனைத் திறந்தாலும் காணத்தக்க படம் வராது. இதற்கென 2018இல் பின்சார்ட் முதலியோரால் தொடங்கப்பட்டதே 'லிப்கேமரா' என்னும் நூலகம். ராஸ்பெர்ரி பை சிறுகணினியின் இயக்குதளம் 2021 நவம்பரில் அதற்கு மாறியபோது, பாடநூல்களிலும் பயிற்சிக் குறிப்புகளிலும் இருந்த பழைய கேமரா நிரல்கள் பல ஒருங்கே செயலிழந்தன. 2008இல் நேர்ந்ததன் மறுபதிப்பு என்றே இதனைக் கூறலாம்.

பதிவேட்டுக்கு வருவோம். மத்திய அரசு அலுவலகங்களைப் பொறுத்தவரை, 2017ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளின் 217ஆவது விதி, ஒரு பொருளைப் பயனற்றதென அறிவிப்பதற்கான காரணங்களை உரிய அதிகாரி பதிவு செய்ய வேண்டுமென்கிறது. நடைமுறையில் 'இயங்கவில்லை' என்னும் ஒரு சொல்லே காரணமாக எழுதப்படுவது வழக்கமாகிவிட்டது. 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்துள்ள மின்கழிவு மேலாண்மை விதிகளின்படி, கழிக்கப்பட்ட கருவியைப் பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர்ப்பிக்க வேண்டும். அதற்கும் உழைப்பும் செலவும் உண்டு. ஆயிரம் இரண்டாயிரம் ரூபாய் விலையுள்ள கேமராவுக்குப் பொறியாளரை அழைத்துச் சோதிப்பது கட்டுபடியாகாது என்னும் வாதம் ஒரு கேமராவைப் பொறுத்தவரை சரியே. ஆனால் மேற்கூறிய சோதனைகளுக்குப் பொறியாளர் தேவையில்லை. ஒன்பதாம் வகுப்பு மாணவர் அரைமணி நேரத்தில் செய்துமுடிக்கலாம். 'பழுது' என்னும் கட்டத்தில் கெர்னல் பதிப்பு, பிழை எண், கம்பியின் நீளம், மாட்டிய முனை, வேறொரு கணினியில் மாட்டியபோது கிடைத்த விளைவு ஆகிய ஐந்தையும் குறிக்கச் செய்தால், கழிக்கத்தக்கது எது, முனை மாற்றினால் போதுமானது எது என்பது காகிதத்திலேயே தெரிந்துவிடும். கொள்முதல் அறிவிப்புகளிலும், மடிக்கணினியின் உட்கேமரா யுவிசி தரத்ததா, அன்றிக் கச்சாத் தரவு வகையினதா, பின்னதாயின் பள்ளியில் நிறுவப்பட்டுள்ள கெர்னல் பதிப்பில் இயங்குவதை விற்பனையாளர் செய்துகாட்டினாரா என்னும் வினாக்கள் இடம்பெற வேண்டும். நிறுவப்பட்ட கெர்னலின் எண்ணை அறிவிப்பிலேயே எழுதிவிடுவது விற்பனையாளருக்கும் வசதி.